பத்திரத்திலிருந்து தகவல் எடுக்க ஒன்பது சர்வீஸ் தேவையா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் திருப்பிச் சொல்கிறேன். நீங்கள் நான்கு பேர் கொண்ட சிறு குழு. வீட்டுக்கடன் தரும் நிறுவனங்களுக்குச் சட்டக் கருத்துரை எழுதும் வக்கீல்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். அவர்கள் அனுப்பும் ஸ்கேன் செய்த கிரயப் பத்திரங்களிலிருந்து எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சர்வே எண், பரப்பு, கிரயத் தொகை, சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றை எடுத்து டேட்டாபேஸில் போட வேண்டும். உங்கள் ஆர்க்கிடெக்ட் இதற்கு ஒன்பது சர்வீஸ் (தனித்தனியே ஓடி, நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்ளும் ப்ரோக்ராம்கள்) வரைந்திருக்கிறார்: ஓசிஆர் (ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது), மொழி கண்டறிதல், வாக்கியம் பிரித்தல், சொல் பிரித்தல், சொல்வகை குறித்தல், பெயர் கண்டறிதல், உறவு கண்டறிதல் (எந்தப் பெயர், தொகை, எண் எதனோடு சேரும் என்று இணைப்பது), அலகு மாற்றுதல், சேமித்தல். "எஸ்ஓஏ பழசாகிவிட்டது, மைக்ரோசர்வீஸ்தான் இப்போது என்கிறார். சரிதானா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

எஸ்ஓஏ, மைக்ரோசர்வீஸ் இரண்டுமே ஒரு மென்பொருளைத் தனி சர்வீஸ்களாகப் பிரித்துக் கட்டும் முறைகள்தான். எந்தப் பெயரைச் சொன்னாலும் இங்கே பெரிதாக எதுவும் மாறாது. நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டு கேள்விகள் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலையை எங்கே வெட்டுவது? வெட்டிய துண்டுகளுக்கு நடுவே என்ன போய் வர வேண்டும்? முதல் கேள்விக்கு என் பதில்: மூன்று அல்லது நான்கு துண்டு போதும். இரண்டாவதுதான் கடினமானது. ஆனால் உங்கள் வரைபடத்தில் அதற்கு ஒரு அம்புக்குறிக்கு மேல் எதுவும் இல்லை. சட்ட, வங்கி ஆவணங்களில் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். மருத்துவக் குறிப்புகள், செய்திகள் போன்றவற்றில் அளவுகள் வேறாக இருக்கலாம்.

ஆர்க்கிடெக்ட் மேல் முழுப் பழியையும் போடவும் முடியாது. இந்தத் துறையின் பாடப்புத்தகங்களே வேலையை இப்படித்தான் வரிசையாகப் போட்டுக் காட்டும். 1987 முதல் பத்தாண்டுக்கு மேல் அமெரிக்காவில் நடந்த எம்யூசி என்ற தொடர் போட்டி மாநாடுகளில்தான் தகவல் பிரித்தெடுத்தல் ஒரு தனித் துறையாக உருவானது. ஆள், இடம், நிறுவனப் பெயர்களைக் கண்டுபிடிப்பது ஒரு தனி வேலையாக 1995இல் நடந்த ஆறாவது மாநாட்டில் வந்தது. அடுத்தடுத்து படிகள் சேர்ந்தன, ஒவ்வொரு படிக்கும் ஒரு கருவி வந்தது. கருவிகள் பெருகியதும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து ஒட்டுவது எப்படி என்ற தலைவலி பிறந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 90களின் நடுவில் தொடங்கிய கேட், ஐபிஎம்மில் உருவாகி 2006இல் அப்பாச்சி என்ற திறமூல அமைப்புக்குப் போய் 2009இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமாகவும் ஆன யூஐஎம்ஏ, இரண்டும் பலர் எழுதிய கருவிகளை ஒன்றாக இணைத்து ஓட்டும் மென்பொருள்கள், இந்தத் தலைவலிக்கு மருந்தாக வந்தவைதான்.

யூஐஎம்ஏவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதில் எழுதிய ஓர் உறுப்பை மற்ற உறுப்புகளோடு ஒரே ப்ராசஸுக்குள் வைத்து ஓட்டலாம். அதையே வேறொரு கணினியில் சர்வீஸாக வைத்துத் தூரத்திலிருந்தும் கூப்பிடலாம். உறுப்பின் கோட் மாறாது, அதை விவரிக்கும் டிஸ்கிரிப்டர் கோப்பில்தான் மாற்றம். அதாவது, "இது தனி மாட்யூலா?" என்ற கேள்வியும் "இது தனி சர்வீஸாக ஓடுமா?" என்ற கேள்வியும் வேறுவேறு என்று அவர்கள் பிரித்து வைத்தார்கள். உங்கள் வரைபடத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்பது மாட்யூல் இருக்கட்டும், தாராளமாக இருக்கட்டும். ஆனால் ஒன்பது மாட்யூலுக்கு ஒன்பது கன்டெய்னர், ஒன்பது போர்ட், ஒன்பது டிப்ளாய்மென்ட் வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

எப்போது சர்வீஸாகப் பிரிப்பது லாபம் என்பதற்கு, எல்லாருக்கும் தெரிந்த வாட்சனையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 2011 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினாவான ஜியோபர்டியில் ஜெயித்த ஐபிஎம் இயந்திரம் அது. அதன் அடிப்படை யூஐஎம்ஏ. ஒரே ப்ராசஸரில் ஒரு கேள்விக்குப் பதில் தேடினால் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. மெசேஜ் கியூ (வேலைகளை வரிசையில் வைத்து, எடுக்க வருகிற ப்ரோக்ராமுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பது) வைத்து வேலையைப் பரப்பும் யூஐஎம்ஏ ஏஎஸ் என்ற நீட்சியைக் கொண்டு, 90 சர்வர்களில் இருந்த 2,880 கோர்களுக்கு அதைப் பங்கு போட்டார்கள். பதில் சில வினாடிகளில் வந்துவிட்டது. படித்தவுடன் "அப்படியானால் நாமும் பிரிக்கலாமே" என்றுதான் தோன்றும். ஆனால் அங்கே ஒரு கேள்விக்கு நூற்றுக்கணக்கான உத்தேசப் பதில்கள் உருவாகும், ஒவ்வொன்றையும் மற்றதைப் பற்றிக் கவலைப்படாமல் தனியே மதிப்பிடலாம். போட்டியாளர் பொத்தானை அழுத்துவதற்குள் பதில் வந்தாக வேண்டும். உங்கள் வக்கீலுக்கு மூன்று வினாடியில் எதுவும் தேவையில்லை. மதியம் கொடுத்த பத்திரம் சாயங்காலம் சரியாக வந்தால் போதும். இணையாக ஓட்ட வேண்டுமென்றாலும் ஒரே பத்திரத்தைத் துண்டு போட வேண்டியதில்லை. நூறு பத்திரம் இருந்தால் பத்து வொர்க்கருக்குப் பத்துப் பத்தாகக் கொடுத்துவிடலாம். முழு பைப்லைனையும், அதாவது எல்லாப் படிகளையும், தாங்கிய ஒரே ப்ரோக்ராமைப் பத்து பிரதியாக ஓட்டினால் வேலை முடிந்தது.

பத்திரத்தைத் துண்டு போடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம் ஊர்க் கிரயப் பத்திரத்தின் நடை உங்களுக்குத் தெரியும். முதலில் எழுதி வாங்குபவரின் அப்பா பெயர், ஊர், கதவு எண் எல்லாம் வந்து "முருகேசன் அவர்களுக்கு" என்று நிற்கும். அப்புறம் எழுதிக் கொடுப்பவரின் விவரம் வந்து "பொன்னுசாமி ஆகிய நான் எழுதிக் கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம் என்னவென்றால்" என்று தொடங்கும். அதற்குப் பிறகு பத்திரம் முழுக்க "நான்", "தாங்கள்"தான். பெயரே வராது. நான்காம் பக்கத்தில் "தாங்கள் எனக்குக் கொடுத்த ரூபாய்" என்று வரும் இடத்தில் தொகையைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் யார் யாருக்குக் கொடுத்தது என்பது முதல் பக்கத்தில் இருக்கிறது. போதாததற்கு "முன் கிரயம்" என்று நடுவில் பழைய கதை வரும், அதில் வேறொரு விற்பவரும் வேறொரு வாங்கியவரும் இருப்பார்கள். வாக்கியம் பிரிக்கும் சர்வீஸ் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி மெசேஜாக அடுத்த சர்வீஸுக்கு அனுப்பும் என்று உங்கள் வரைபடத்தில் இருக்கிறது. அப்படி அனுப்பினால் அந்த "நான்" யாரென்று யாருக்கும் தெரியாது. எனவே எந்த சர்வீஸுக்கும் போக வேண்டியது முழு ஆவணம். வாக்கியத்தை ஒருபோதும் தனியாக அனுப்பாதீர்கள்.

வாக்கியம் பிரிக்கும் படியே இங்கே சந்தேகத்துக்குரியது என்பது வேறு விஷயம். பத்திரத்தில் முற்றுப்புள்ளி அபூர்வம், ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாக ஓடும். புள்ளி வருகிற இடமெல்லாம் "ரீ.ச.நெ." (ரீசர்வே நெம்பர்), "பு.ஏ. 2.35" (புன்செய் ஏக்கர்) மாதிரி சுருக்கங்கள். பொதுவான கருவியைப் போட்டால் சர்வே எண் இருக்கும் வரியைத்தான் முதலில் கொத்திப் போடும்.

சரி, இனி நடுவில் என்ன போக வேண்டும் என்பதற்கு வருகிறேன். இதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது: மூலப் பிரதியை எந்த சர்வீஸும் தொடக் கூடாது. ஓசிஆர் முடிந்து எழுத்து வந்ததும் அதை ஓர் அடையாள எண்ணோடு உறைய வைத்துவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு சர்வீஸும் செய்வது குறிப்பு சேர்ப்பது மட்டும்தான்: எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது, என்ன வகை, எவ்வளவு நம்பிக்கை, எந்த சர்வீஸின் எந்த வெர்ஷன் சொன்னது. கேட், யூஐஎம்ஏ இரண்டும் பின்பற்றுவது இந்த முறையைத்தான். பெயருக்கு நடுவே டேக் போட்டு எழுத்தையே மாற்றி அடுத்தவருக்குக் கொடுக்கும் வழக்கம் சிறு ஸ்க்ரிப்ட்டுகளுக்குச் சரி. நான்கு சர்வீஸ் தாண்டிய பிறகு, ஸ்கேன் படத்தில் அந்தச் சொல் எங்கே இருந்தது என்று வக்கீலுக்குக் காட்ட முடியாமல் போய்விடும். அதைக் காட்ட முடியவில்லை என்றால் அவர் உங்கள் விடையை நம்பமாட்டார். நம்பவும் கூடாது.

இந்திய மொழிகளிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்க்கும் சம்பர்க் என்ற அமைப்பை ஐஐஐடி ஹைதராபாத் உட்படப் பல நிறுவனங்கள் சேர்ந்து கட்டின. தமிழ் இந்தி ஜோடியும் அதில் உண்டு, சென்னையிலிருந்து ஏயூ கேபிசி ஆராய்ச்சி மையம் பங்கெடுத்தது. வேறுவேறு ஊர்களில் வேறுவேறு ஆட்கள் எழுதிய மாட்யூல்கள் ஒன்றாக ஓடக் காரணம், எல்லாம் எஸ்எஸ்எஃப் என்ற ஒரே வடிவத்தை வாங்கி அதே வடிவத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்ற ஒப்பந்தம். அது மனிதக் கண்ணால் படிக்கக்கூடிய சாதாரண டெக்ஸ்ட். எந்தப் படியில் தவறு நுழைந்தது என்று இடையில் திறந்து பார்க்கலாம். இந்த ஒன்றுக்காகவே, வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆரம்பத்தில் ஜேசன் போன்ற படிக்கக்கூடிய வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கண்ணால் படிக்க முடியாத, வேகமான புரோட்டோபஃப் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் "எந்த இடத்தில்" என்பதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது, ஆங்கிலம் மட்டும் கையாளுகிறவர்களுக்கு அது லேசில் தெரியாது. "சர்வே எண் 214/3" என்ற துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 214/3 எந்த இடத்தில் தொடங்குகிறது? கண்ணால் எழுத்தெழுத்தாக எண்ணினால், பூஜ்யத்திலிருந்து தொடங்கி, 7. பைத்தான் மொழியைக் கேட்டால் 10, ஏனென்றால் அது ர் என்பதை ரகரம் ஒன்று, புள்ளி ஒன்று என்று இரண்டாக எண்ணும். யூடிஎஃப்-8 பைட்டாக எண்ணும் கோ மொழியில் எழுதிய சர்வீஸைக் கேட்டால் 26, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் அங்கே மூன்று பைட். மூன்று சர்வீஸ், மூன்று மொழி, மூன்று விடை, எல்லாமே சரி. ஜாவாவும் ஜாவாஸ்க்ரிப்ட்டும் வழக்கமான தமிழுக்குப் பைத்தான் சொல்லும் எண்ணையே சொல்லும். அதனால் சோதனையில் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டிய ஓர் எமோஜி வந்தால் போதும், அதை பைத்தான் ஒன்றாகவும் ஜாவா இரண்டாகவும் எண்ணும். அதற்குப் பின்னால் உள்ள எல்லா இடமும் ஒன்று நகர்ந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை: நன்செய், புன்செய், வேலி, குழி ஆகியவற்றுக்குப் பழைய ஆவணங்களில் போட்ட தமிழ்க் குறியீடுகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தன. அவையும் இந்த இரண்டாக எண்ணப்படும் பகுதியில்தான் இருக்கின்றன. ஓசிஆர் அவற்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நில ஆவணம் செய்கிறவர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கொ என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. நடுவில் ஒரு சர்வீஸ் நல்ல எண்ணத்தோடு யூனிகோட் நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வேறுவேறு சேமிப்பு வடிவங்களை ஒரே வடிவமாக்குவது) செய்துவிட்டால், இரண்டு ஒன்றாகி, கொடுமுடி என்ற ஊர்ப் பெயருக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு ஆஃப்செட்டும், அதாவது இட எண்ணும், ஒன்று குறையும். எனவே நார்மலைசேஷன் ஓசிஆர் முடிந்த உடனே, உறைய வைப்பதற்கு முன்னால், ஒரே ஒரு முறை. ஆஃப்செட் என்றால் எந்த எண்ணிக்கை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நான் கோட்பாயிண்ட் எண்ணிக்கையை, அதாவது பைத்தான் எண்ணும் விதத்தை, வைத்துக்கொள்வேன். அதோடு ஒவ்வொரு குறிப்பிலும் அந்தச் சொல்லையும் சேர்த்தே அனுப்பச் சொல்வேன். வாங்குகிற சர்வீஸ் அந்த இடத்தில் உண்மையிலேயே "214/3" இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உடனே தகராறு செய்யட்டும். இருபது வரி கோட்தான், பல நாள் தேடலைத் தவிர்க்கும்.

இப்போது வெட்டும் இடம். எவை சேர்ந்தே மாறுமோ அவை சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல். சொல் பிரிப்பானையும் பெயர் கண்டறியும் மாடலையும் இரண்டு சர்வீஸாக வரைந்திருக்கிறீர்கள். அந்த மாடல் பயிற்சி பெற்றதே அந்தச் சொல் பிரிப்பான் வெட்டிய துண்டுகளில்தான். ஒருவர் சொல் பிரிப்பானைத் "திருத்தி" 214/3ஐ மூன்று துண்டாக்கினால், மாடலின் ஒரு வரிகூட மாறாமல் அதன் தரம் சரியும், எந்த அலாரமும் அடிக்காது. "முருகேசனுக்கு" என்பதில் வேற்றுமை உருபைக் கழற்றி "முருகேசன்" என்று பெயரை மீட்கும் வேலையும் இதே கூட்டம்தான். இவற்றை ஒரே ப்ரோக்ராமில், ஒரே வெர்ஷன் எண்ணில் வைத்துவிடுங்கள். வேகத்தைப் பார்த்தாலும் அதே முடிவுதான். ஒரு பக்கத்தைச் சொல்லாகப் பிரிப்பதைவிட, அதை ஜேசனாக்கி நெட்வொர்க்கில் அனுப்பி மறுபடி பிரித்தெடுப்பதற்கே அதிக நேரம் ஆகும். பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தபால் போடுகிற கதை.

ஓசிஆர் அப்படியல்ல, அது தனியே போக வேண்டியது. சிபியூவை அள்ளிக் குடிக்கும், ஒரு பத்திரத்துக்கு நிமிடக் கணக்கில் எடுக்கும், கெட்ட பிடிஎஃப் வந்தால் செத்து விழும். அது விழும்போது மற்றவற்றை இழுத்துக்கொண்டு விழக்கூடாது. டெஸரக்ட் என்ற இலவச ஓசிஆர் மென்பொருளில் இன்று தொடங்கி, நாளை காசு கொடுத்து வாங்கும் ஒரு சேவைக்கு மாற நினைப்பீர்கள். அதுவும் பிரிப்பதற்கு ஒரு காரணம். ஓசிஆர் தேவையே இல்லாத பிடிஎஃப் வந்தாலும் எச்சரிக்கை வேண்டும்: உள்ளே எழுத்து இருக்கும், ஆனால் பாமினி மாதிரி பழைய எழுத்துரு குறியாக்கத்தில் இருக்கும், காப்பி செய்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அதைக் கண்டுபிடித்து யூனிகோடாக மாற்றும் வேலையும் இந்த முதல் சர்வீஸின் எல்லைக்குள்தான்.

இரண்டாவது துண்டு, மேலே சொன்ன மாடல் கூட்டம். ஜிபியூ (மாடலை வேகமாக ஓட்டும் சிப்) தேவைப்பட்டால் அது இங்கே மட்டும்தான். மூன்றாவது, விதிகள்: ஏக்கர் சென்ட்டை ஹெக்டேர் ஏராக மாற்றுவது, எழுத்தால் எழுதிய தொகையையும் எண்ணால் எழுதியதையும் ஒப்பிடுவது, ஊரும் சார்பதிவாளர் அலுவலகமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. இது வாராவாரம், சமயத்தில் தினமும் மாறும். மாடலைத் தொடாமல் இதை மட்டும் மாற்றி வெளியிட முடிய வேண்டும். 2.35 ஏக்கர் என்பது சுமார் 0.95 ஹெக்டேர், கணக்கு சுலபம். ஆனால் பழைய பத்திரத்தில் ஏக்கரும் புதிய பட்டாவில் ஹெக்டேரும் இருந்து இரண்டும் லேசாகப் பொருந்தாதபோது எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுக்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியது வக்கீல். நான்காவது துண்டு மனிதர் சரிபார்க்கும் திரை. அதையும் ஒரு சர்வீஸாகவே நினையுங்கள். அவர் செய்யும் திருத்தமும் அதே வடிவத்தில், "சொன்னவர்: சரிபார்ப்பவர்" என்று ஒரு குறிப்பாகவே சேரட்டும். மாடல் சொன்னதை அழித்து மேலே எழுதாதீர்கள், அடுத்த பயிற்சிக்கு உங்களுக்கு வேண்டியதே அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இந்த நான்கையும் ஒன்றையொன்று நேரடியாகக் கூப்பிட வைக்காமல் நடுவில் கியூ வையுங்கள். ஒன்பது சர்வீஸ் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கூப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் 99 சதவீத நேரம் உயிரோடு இருந்தால், மொத்த வரிசையும் உயிரோடு இருப்பது சுமார் 91 சதவீதம்தான். கியூ இருந்தால் ஒன்று விழுந்தாலும் வேலை காத்திருக்கும், தொலையாது. ஆனால் கியூ சில சமயம் ஒரே மெசேஜை இரண்டு முறை கொடுக்கும், அது அதன் சுபாவம். பத்திர அடையாள எண்ணையும் சர்வீஸ் வெர்ஷனையும் சேர்த்து ஒரு சாவியாக வைத்து, ஏற்கெனவே செய்ததென்றால் பழைய விடையையே திருப்பிக் கொடுங்கள். ஸ்கேன் படத்தை மெசேஜுக்குள் திணிக்காதீர்கள், காஃப்கா என்ற கியூ மென்பொருளில் இயல்பான வரம்பே ஒரு மெகாபைட் அளவுதான். படம் ஸ்டோரேஜில் இருக்கட்டும், மெசேஜில் அதன் முகவரி போகட்டும். காஃப்காவையே எடுப்பதானால் இதையும் கவனியுங்கள். மெசேஜை எடுத்துப்போன வொர்க்கர் ஐந்து நிமிடத்துக்குள் அடுத்ததைக் கேட்டு வராவிட்டால், இயல்பான அமைப்பில் காஃப்கா அதைச் செத்ததாகக் கணக்கில் எடுத்து அதே வேலையை இன்னொருவருக்குக் கொடுக்கும். முன்னூறு பக்கம் கொண்ட ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தால், ஒவ்வொரு வொர்க்கராக அதை எடுத்து முடிக்காமல் விடும். மற்ற பத்திரங்கள் பின்னால் வரிசையில் நிற்கும். உங்கள் அளவுக்கு ரேபிட்எம்க்யூ என்ற இன்னொரு கியூ மென்பொருள், இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு டேபிளே போதும் என்பது என் கணிப்பு. மூன்று முறை தோற்றதைத் தனியே ஒதுக்கி வைத்து, மனிதர் பார்க்க ஒரு பட்டியல் வைத்துவிடுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலும் எனக்குச் சந்தேகமில்லை. இனி சொல்வது அப்படியல்ல. மொத்தத் துல்லியம் எவ்வளவு வரும் என்று உங்கள் கேள்விக்குக் கீழே பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். ஐந்து படி, ஒவ்வொன்றும் 95 சதவீதம் சரி என்றால் மொத்தம் சுமார் 77 சதவீதம் என்று பெருக்கிக் காட்டுவது வழக்கம். தவறுகள் ஒன்றையொன்று சாராமல் நடந்தால்தான் அந்தப் பெருக்கல் செல்லும். நிஜத்தில் மங்கலான ஸ்கேனில் எல்லாப் படியும் சேர்ந்து தவறும், நல்ல ஸ்கேனில் எல்லாம் சேர்ந்து சரியாக வரும். பின்னால் வரும் விதிகள் முன்னால் வந்த தவறைச் சில சமயம் பிடித்தும்விடும். எனவே அந்த எண்ணை வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். உங்கள் பத்திரங்களிலேயே அளந்து சொல்லுங்கள், அதுவும் ஒவ்வொரு விவரத்துக்கும் தனித்தனியாக. சர்வே எண்ணில் 90 சதவீதம் என்பதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 சதவீதம் என்பதும் வக்கீலுக்கு ஒன்றல்ல.

"பெரிய மொழி மாடலிடம் முழுப் பத்திரத்தையும் கொடுத்து ஜேசன் வாங்கிவிட்டால் இதெல்லாம் எதற்கு?" என்றும் அதே பின்னூட்டங்களில் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இரண்டாவது துண்டை அப்படியே அதனால் மாற்றலாம், "நான்", "தாங்கள்" சிக்கலில் அது பழைய மாடல்களைவிட நன்றாகவே செய்கிறது. மற்ற மூன்று துண்டும் அப்போதும் வேண்டும். அது தரும் ஆஃப்செட்டை நம்பாதீர்கள், எண்ணுவதில் அது சுமார்தான். சொல்லை அப்படியே மேற்கோளாகக் கொடுக்கச் சொல்லி, மூலத்தில் அதை நீங்களே தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அது கற்பனை, நேராக மனிதர் திரைக்கு அனுப்புங்கள். இன்று 214/3 என்றது நாளை வேறு விதமாகச் சொல்லலாம் என்பதால் மாடல் பெயர், வெர்ஷன், கேட்ட கேள்வியின் வாசகம் எல்லாம் குறிப்பிலேயே பதிவாக வேண்டும். தமிழ் எழுத்துக்குப் பல மாடல்களில் ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டி, கட்டணம் கணக்கிடும் துண்டு) செலவாகும், விலையை ஆங்கில உதாரணத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அப்புறம், பத்திரத்தில் ஆதார் எண், பான் எண், கைரேகை எல்லாம் இருக்கும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் இதை வெளி நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்பதை உங்கள் வக்கீல் வாடிக்கையாளர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியே போவதற்கு முன் எண்களை மறைக்கும் வேலையை முதல் துண்டின் கடைசியில் வைக்கலாம். மறைப்பதும் எழுத்துக்கு எழுத்து அதே நீளத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஆஃப்செட் நகரும்.

சர்வீஸ்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைகளான சோப், ரெஸ்ட், ஜிஆர்பிசி இவற்றில் எது என்ற கேள்வியை வேண்டுமென்றே தொடவில்லை. நான்கு பேர் குழுவில் யாருக்கு எது கை பழகியதோ அதுவே போதும்.

தொடங்குவது எப்படி என்றால், சர்வீஸ் எதையும் எழுதுவதற்கு முன் ஓர் இருநூறு பத்திரத்தை எடுத்து, வெவ்வேறு மாவட்டம், வெவ்வேறு காலம், தட்டச்சு, கணினி அச்சு எல்லாம் கலந்து, கையால் குறித்து வையுங்கள். குறிக்கும் வடிவமே நாளைய சர்வீஸ் ஒப்பந்த வடிவமாக இருக்கட்டும். வடிவத்தில் உள்ள ஓட்டைகள் எல்லாம் இதிலேயே வெளிவந்துவிடும், குறிப்பாக ஒரே பத்திரத்தில் ஆறு சர்வே எண்ணும் ஆறு பரப்பும் வந்து எது எதற்கு என்று கட்ட வேண்டிய இடத்தில். பிறகு எல்லாவற்றையும் ஒரே ப்ரோக்ராமாக எழுதி அந்த இருநூறில் ஓட்டுங்கள், ஓசிஆரை மட்டும் முதல் நாளே வெளியே வைத்து. மாடலும் விதியும் வேறுவேறு வேகத்தில் மாறத் தொடங்கும்போது அந்த இடத்தில் வெட்டுங்கள். எந்தத் துண்டு மாறினாலும் இருநூறும் முழுசாக ஓடி, முன்பைவிடக் குறைந்தால் வெளியீடு நிற்க வேண்டும்.

கையெழுத்துப் பத்திரங்கள் எத்தனை சதவீதம் என்று நீங்கள் சொல்லவில்லை. அவை கணிசமாக இருந்தால் மேலே சொன்ன ஓசிஆர் துண்டு அவற்றுக்குச் சரிப்படாது. அவற்றை ஆரம்பத்திலேயே பிரித்து நேராக மனிதர் திரைக்கு அனுப்புங்கள் என்றுதான் இப்போதைக்குச் சொல்வேன். ஒரு நாளைக்கு எத்தனை பத்திரம், சராசரி எத்தனை பக்கம் என்பதையும் சேர்த்து எழுதினால் எத்தனை வொர்க்கர், ஜிபியூ வேண்டுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.